முள் குத்திய இடம்

கார் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டும்போதே வேதாவுக்கு அப்பாவின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடேசன் பேசாமல் வந்தார். மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மனிதர், அதுவும் நடேசன், பேசாமல் வருவதாவது! லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டிச் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை அது. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் அடுத்த பிளாக்கிலிருந்து பதில் வரும்.

இந்தத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்குத்தான் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு இவ்வளவு போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிடும்போது நடேசனின் நெஞ்சில் முள் ஒன்று சிக்கியது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினார். வாழைப்பழம் விழுங்கினார். இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு மீதி மீனையும் சாப்பிட்டார். பிறகு நெஞ்சின் நடுவில் ஒரு வலி, முதுகு வரைக்கும் போகிற வலி. போன வாரம் ஜெனரல் பஜார் புடவைக் கடையில், வேதாவின் நிச்சயதார்த்தப் புடவைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குனிந்து ரத்தம் கக்கினார். தார்நாக்காவில் ஒரு நர்ஸிங் ஹோமில் வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்து, அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ரத்தம் வரவில்லை. நடேசன் பழையபடி கைவீசி நடந்தார்.

வேதாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மாதாப்பூரில் அவளுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ‘சரியாகிவிட்டது’ என்று யார் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

செகந்திராபாத் கிளாக் டவர் தாண்டியதும் நடேசன் இருமினார். தோள் துண்டால் வாயைத் துடைத்து, துண்டை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டார்.

வேதா பின் சீட்டிலிருந்து கையை நீட்டி அதை உருவினாள். மடிப்புக்குள் சிவப்பாக நனைந்திருந்தது.

“நைனா, என்ன இது?”

“வெத்தல.”

“நீ எப்ப வெத்தல போட்டே?”

நடேசன் துண்டுக்காகக் கையை நீட்டினார். வேதாவுக்குப் பக்கத்தில் சீர்த்தட்டுகளை மடியில் வைத்திருந்த அம்மா பட்டு, துண்டைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு சரிந்து பாக்கு கீழே உருண்டது.

“பய்யா, அல்வால் மண்டபம் வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க” என்றாள் வேதா.

“கைக்கு? நக்கோ பாய், நக்கோ!” எதுக்கு, வேணாம் என்று ஹைதராபாத் உருதுவில் சொல்லி, நடேசன் டிரைவரின் கையைப் பிடித்தார். “நேரா போ. மாப்ள வூட்டுக்காரங்க மண்டபத்துல காத்துனு இருக்காங்க. தட்ட மாத்திட்டு நானே வரேன் ஆஸ்பத்திரிக்கு.”

டிரைவர் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சிக்னலில் சிவப்பு விழுந்தது.

வேதா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஜூபிலி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஆட்டோக்களுக்கு நடுவில், பிளாட்பாரத்தில் போய் நின்றாள். இட்லி வண்டிக்காரன் கரண்டியோடு பார்த்தான்.

“ஏறு வேதா! எல்லாரும் பாக்குறாங்க!” பட்டு ஜன்னல் வழியாகக் கெஞ்சினாள்.

“பாக்கட்டும். நிச்சயம் எனக்குத்தானே? நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இல்லாம யாருக்கு மோதிரம் போடறாங்கன்னு பாக்குறேன்.”

சிக்னல் பச்சையாகி, பின்னாலிருந்த பஸ் அலறியது. நடேசன் மகளை முறைத்தார். அவள் அதே முறைப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அவரிடமிருந்து வந்ததுதானே அது!

“இவ ஏறமாட்டா” என்றார் நடேசன் கடைசியில். “திருப்பு பாய்.”

* * *

கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் நர்ஸிங் ஹோம் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “அல்சர் மறுபடி கசியுதுன்னு நினைக்கிறேன். இன்னொரு தடவை குழாய் விட்டுப் பாத்துடலாம்” என்று தெலுங்கில் சொன்னார்.

“போன தடவையும் அதைத்தான் பாத்தாங்க” என்றாள் வேதா, அவளும் தெலுங்கில். “மாத்திரை சாப்பிட்டார். ஆனாலும் ரத்தம் வருது. அப்ப பாத்தது சரியில்லைன்னுதானே அர்த்தம்? இவருக்கு வலி வயித்துல இல்ல. நெஞ்சுல. நெஞ்சைப் பாக்குற டாக்டரைக் கூப்பிடுங்க.”

“அம்மா, நீங்க டாக்டரா?”

“இல்ல. பொண்ணு. கூப்பிடற வரைக்கும் இங்கிருந்து நகர மாட்டேன்.”

அவர் பெருமூச்சு விட்டு போனை எடுத்தார். மல்லுக்கட்டுவதைவிட அது சுலபம் என்று நினைத்திருக்க வேண்டும்.

வந்தவர் ஃபாத்திமா. நெஞ்சு ஆபரேஷன் டாக்டர். வாணியம்பாடிக்காரர் என்பது அவர் வாயைத் திறந்ததுமே பட்டுவுக்குத் தெரிந்துவிட்டது. ஜோலார்பேட்டைப் பக்கம் பிறந்த பட்டுவுக்குப் பாதித் தைரியம் அங்கேயே வந்தது. ஆனால் ஃபாத்திமா ஊர்ப்பாசம் கொண்டாட வரவில்லை.

“முள்ளு சிக்கினது எப்ப? வலி எப்ப ஆரம்பிச்சுது? காய்ச்சல் உண்டா?”

“ஒண்ணும் இல்லம்மா, லேசா…” என்று ஆரம்பித்தார் நடேசன்.

“ராத்திரி குளிருதுன்னு ரெண்டு போர்வை போத்திக்கிறாரு. முழுங்கும்போது முதுகுல கை வெச்சுக்கிறாரு. கேட்டா வாயுங்கிறாரு” என்றாள் வேதா.

ஃபாத்திமா நடேசனின் நாடியைப் பிடித்தபடியே இளம் டாக்டரிடம் திரும்பினார். “யாரும் இவர் வாயில எந்தக் குழாயும் விடக் கூடாது. நேரா சி.டி. ஸ்கேன். ரத்தக் குழாய்ல மருந்து ஏத்தி எடுக்கச் சொல்லுங்க. நானே கூட வரேன்.”

கூடவே போகிறேன் என்று ஒரு பெரிய டாக்டர் சொல்வது எவ்வளவு பயங்கரமான விஷயம் என்பது வேதாவுக்கு அப்போது உறைத்தது.

படம் வந்ததும் அம்மாவையும் பெண்ணையும் உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிற வட்டங்கள்.

“இது சோறு இறங்குற குழாய். இது இதயத்திலிருந்து உடம்பு முழுக்க ரத்தம் கொண்டு போற பெருந்தமனி. நெஞ்சுக்குள்ள ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயே ஓடுது. முள்ளு சோத்துக் குழாயைத் துளைச்சு அந்தப் பக்கம் போயிருக்கு. இதோ, இந்த வெள்ளைக் கோடு. அதுக்கு எதிர்ல தமனியோட சுவர் பை மாதிரி வீங்கி நிக்குது. பக்கத்துல கறுப்பா இருக்கறது காத்து. அந்த இடத்துல காத்துக்கு என்ன வேலை? கிருமி ஏறி, சுவர் அரிச்சு, ரெண்டு குழாய்க்கும் நடுவுல வழி விழுந்திருக்கு.”

“ஆனா ரத்தம் நின்னுடுச்சே டாக்டர்” என்றாள் பட்டு. “நடுவுல நல்லா இருந்தாரே.”

“உறைஞ்ச ரத்தம் ஓட்டையை அடைச்சிட்டு இருக்கும்மா. இந்தச் சீக்கு அப்படித்தான். மொதல்ல நெஞ்சு வலி. அப்புறம் கொஞ்சம் ரத்தம், எச்சரிக்கை மாதிரி. அப்புறம் ஒண்ணுமே இருக்காது. குணமாயிடுச்சுன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. அந்த அடைப்பு நகர்ந்தா, அவ்வளவுதான். குழாய் விட வேணாம்னு சொன்னது அதுக்குத்தான்.”

“ஆபரேஷன் பண்ணா பொழைப்பாரா?” வேதா கேட்டாள்.

ஃபாத்திமா அவளை நேராகப் பார்த்தார். “பண்ணிப் பொழைச்சவங்க கம்மி. பண்ணாம பொழைச்சவங்க யாரையும் நான் பாத்ததில்ல.”

வேதா தலையிலிருந்த பூவைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். “என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

* * *

முதலில் கம்பியும் துணியும் சேர்ந்த ஒரு குழாயை, தொடை வழியாக ஏற்றி, தமனிக்கு உள்ளே ஓட்டை இருக்கும் இடத்தில் விரிக்க வேண்டும். நடேசனிடம் அதைச் சொல்லும்போது, “டயருக்குள்ள ட்யூப் போடற மாதிரி” என்றார் ஃபாத்திமா. சரியான அளவுக் குழாய் பஞ்சாகுட்டாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ரத்தக்குழாய் டாக்டர் ராகவேந்திரா தயாராகிக்கொண்டிருந்தார்.

நடேசன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மகளிடம் சொன்னார்:

“சரி. ஆனா ஒண்ணு. நீ மண்டபத்துக்குப் போ. சித்தப்பா இருக்காரு, தட்டு மாத்துவாரு. நீ போய் மணையில உக்காந்தன்னு போன் வந்தாத்தான் நான் சம்மதிப்பேன்.”

“நைனா!”

“ஹவ், ஆமா. அதான் என் கண்டிஷன்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி தண்டபாணியே வார்டு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு அல்வாலிலிருந்து காரில் பறந்து வந்திருந்தார். சந்தனப் பொட்டு வியர்வையில் கலைந்திருந்தது.

“சரியாத்தான் சொல்றார்” என்றார். “கோயமுத்தூர்ல இருந்து எங்க சொந்தமே வந்து உக்கார்ந்திருக்குதுங்க. முகூர்த்தம் முடியப் போகுது. பொண்ணு அரை மணி நேரம் வந்துட்டுப் போகட்டும். இங்க டாக்டருங்க பாத்துக்குவாங்கல்ல? நீ நின்னு என்னம்மா பண்ணப் போறே?”

“இன்னிக்கு வேணாம் மாமா. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.”

“இன்னொரு நாளா? நின்னுபோன நிச்சயத்த மறுபடி வெக்கற வழக்கம் எங்க வீட்ல இல்லீங்க. யோசிச்சுக்க.”

பட்டு மகளின் முழங்கையைப் பிடித்தாள். “போய்ட்டு வந்துடு கண்ணு. அப்பா ஆசைப்படறாரு. நான் இங்க இருக்கேன்.”

மூன்று பேரும் ஒரு பக்கம். வேதா இந்தப் பக்கம். போய்விட்டால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அரை மணி நேரம்தானே? மாப்பிள்ளை மணிவண்ணனை அவளுக்குப் பிடித்துமிருந்தது. ஆனால் மணையில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தால்? அந்த நினைப்பு முழுசாவதற்குள் அவள் அதை மிதித்து அணைத்தாள்.

“யோசிச்சாச்சு மாமா” என்றாள். “வரல.”

அப்பாவின் கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

“நைனா, உனக்கு இப்ப ஏதாவது ஆச்சுன்னா, என் நிச்சயதார்த்த நாளும் உன் திதியும் ஒண்ணாயிடும். வருஷா வருஷம் அன்னிக்கு நான் சிரிக்கணுமா, அழணுமா? நீயே சொல்லு.”

நடேசன் கண்களை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து மிகச் சின்னதாக ஒரு குரல் வந்தது.

“பயமா கீதும்மா. டேபிள்லயே போய்ட்டேன்னா? உன்ன எவன் கையில புடிச்சுக் குடுப்பான்?”

“என்ன யாரும் புடிச்சுக் குடுக்க வேணாம். நான் என்ன ஒர்க்‌ஷாப் சாமானா? போக வேண்டிய எடத்துக்கு நானே போய்க்குவேன். நீ எழுந்து வந்து என்கூட சண்ட போடு, அது போதும்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வலியும் வந்தது. “பேனா குடு” என்றார்.

சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேனாவை நீட்டியவர், அப்படியே ஒருக்களித்துக் கவிழ்ந்தார்.

ரத்தம் இந்தத் தடவை துண்டில் மடிக்கிற அளவு வரவில்லை. குபுகுபுவென்று கட்டிலை நனைத்து, தரையில் இறங்கி, தண்டபாணியின் செருப்பு வரைக்கும் போயிற்று. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஃபாத்திமா எங்கிருந்தோ ஓடி வந்தார். “ரத்தம் கொண்டாங்க! ரத்தக்குழாய் லேபுக்குச் சொல்லுங்க, வந்துட்டோம்னு!” கட்டிலை நாலு பேர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வேதா கூடவே ஓடினாள். ஒரு கதவுக்கு அப்புறம் அவளை விடவில்லை.

அவள் திரும்பி வந்தபோது தண்டபாணி செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படி ஒரு சீக்கு இருக்குன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்க” என்றார் பட்டுவிடம். “இதுல பொண்ணு வேற ரொம்ப வாய் பேசுது.”

பட்டு கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சம்பந்தி முறை வருகிற யாரிடமும் குரலை உயர்த்தியவள் இல்லை. இப்போது எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பில் புருஷனின் ரத்தம் இருந்தது.

“எம் பொண்ணு வாய் பேசலைன்னா எம் புருஷன் இன்னேரம் கார்கானா ரோட்டுல கார்லயே செத்திருப்பாரு” என்றாள். “பேசினா. இன்னும் பேசுவா. ஒங்களுக்கு முகூர்த்தம் தவறிப் போச்சுன்னா, போங்க. வழி அந்தப் பக்கம்.”

தண்டபாணி போய்விட்டார்.

வேதா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டு தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

* * *

ரத்தம் வேண்டும், நிறைய வேண்டும் என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். வேதா போனை எடுத்து யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் திகைத்தபோது, அதுவாகவே அடித்தது.

இருதயராஜ். நடேசனோடு ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஷிஃப்டில் இருந்தவர். அல்வால் மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்.

“இன்னாம்மா, இங்க ஒருத்தன் ஒண்ணு சொல்றான், ஒருத்தன் ஒண்ணு சொல்றான். நடேசனுக்கு இன்னா?”

சொன்னாள்.

“என்ன க்ரூப்பு?”

“ஓ பாசிட்டிவ், அங்கிள்.”

போனைக் கையால் பொத்தாமலே அவர் மண்டபத்தைப் பார்த்துக் கத்தியது அவளுக்கு முழுசாகக் கேட்டது: “டேய், ஓ பாசிட்டிவ் எவன் எவன்டா? எழுந்திரு! இலையப் போட்டா போடறான், அப்பால துன்னலாம்!”

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேனும் இரண்டு ஆட்டோவும் வந்து நின்றன. கஞ்சி போட்ட வேட்டிகளும் ஜரிகைப் புடவைகளுமாக ஒர்க்‌ஷாப் கூட்டம் இறங்கியது. ரிடையரான வயதுக்காரர்களை ரத்த வங்கியில் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றதும் சண்டை பிடித்தார்கள். பிறகு மகன்களையும் மருமகன்களையும் முன்னால் தள்ளினார்கள். மாதாப்பூரிலிருந்து வேதாவின் டீமே வந்துவிட்டது. அவள் தோழி நஸ்ரின், ஊசி என்றாலே மயங்கி விழுகிறவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

பெண் வீட்டார் பாதிப்பேர் இல்லாமல் அல்வால் மண்டபம் காலியாகக் கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வேதாவுக்கு அது உள்ளூர ஒரு சின்னத் திருப்தியைத் தந்தது. தந்தால் என்ன?

பஞ்சாகுட்டாவிலிருந்து வர வேண்டிய குழாய் பேகம்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டு, கடைசியில் கம்பெனி ஆள் ஒருவர் யாருடைய பைக்கிலோ பின்னால் தொற்றிக்கொண்டு, நீளமான பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்தபடி வந்து சேர்ந்தார். அதுவரை ராகவேந்திரா தமனிக்குள் ஒரு பலூனை ஊதி ஓட்டையை அடைத்துப் பிடித்திருந்தார் என்பது வேதாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரியாததும் நல்லதாயிற்று.

மதியம் சாய்ந்தபோது ஃபாத்திமா வெளியே வந்தார். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது.

“ரத்தம் நின்னுடுச்சு” என்றார். “ஓட்டைக்கு உள்பக்கம் குழாய் கச்சிதமா உக்காந்திருக்கு. ஆள் முழிச்சிட்டார்.”

பட்டு ஃபாத்திமாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஃபாத்திமா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“அவசரப்படாதீங்கம்மா. இது பாதிதான். முள்ளு இன்னும் உள்ள இருக்கு, சீழும் இருக்கு. நாளைக்கு நெஞ்சைத் திறந்து முள்ளை எடுத்து, எல்லாத்தையும் கழுவி, அழுகிப்போன உணவுக்குழாயை எடுத்துடணும். இல்லைன்னா கிருமி நாங்க வெச்ச குழாய்லயே ஏறும். மறுபடி வெடிச்சா நிறுத்த முடியாது.”

“உணவுக்குழாய எடுத்துட்டா எப்படிச் சாப்பிடுவாரு?” என்றாள் வேதா.

“வயித்துல நேரா ஒரு ட்யூப் வெச்சு அது வழியா கஞ்சி. கழுத்துல ஒரு துவாரம், எச்சில் வெளிய வர. சில மாசம் கழிச்சு, உடம்பு தேறினதும், இரைப்பையையே மேல இழுத்துப் புதுசா வழி பண்ணிக் கொடுப்போம். அப்புறம் வாயால சாப்பிடலாம். நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்.” ஃபாத்திமா ஒரு கணம் நிறுத்தினார். “நீங்க போய் ஒரு தடவை பேசுங்க.”

* * *

ஐ.சி.யூ.வில் நடேசன் வெளுத்துப்போய்க் கிடந்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு குழாய். வேதாவைப் பார்த்ததும் கண்களை மட்டும் திருப்பினார்.

“மண்டபத்துல எல்லாரும் சாப்ட்டாங்களா?”

“பாதிப் பேரு இங்கதான் ரத்தம் குடுத்துட்டு பிஸ்கட் தின்னுட்டு இருக்காங்க.”

“தண்டபாணி?”

“போய்ட்டாரு. அம்மா அனுப்பிட்டாங்க.”

“பட்டுவா?” அவர் நம்பவில்லை. நம்பியதும் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்து போயிற்று. பிறகு சொன்னார்: “டாக்டரம்மா சொன்னாங்க. நாளைக்கு இன்னொண்ணுன்னு.”

“ஆமா நைனா.”

“நக்கோ.”

“என்ன நக்கோ?”

“கழுத்துல ஓட்டை, வயித்துல ட்யூப். வாய்ல ஒரு சொட்டுத் தண்ணி கூட இல்லாம மாசக்கணக்குல! அது ஒரு பொழப்பா? நீ சொன்னேன்னு ஒண்ணுக்கு ஒத்துக்கினேன். ரத்தம் நின்னு போச்சில்ல? போதும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வேதா எவ்வளவு கூப்பிட்டும் திருப்பவில்லை. நர்ஸ் வந்து, பேஷண்டை அலட்ட வேண்டாம், நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே அனுப்பினாள்.

வராந்தாவில் மணிவண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட அதே பட்டுச் சட்டை. ஒரு கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது, மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“வேதா, நான்… ரத்தம் குடுத்தேங்க. இப்பதான். எப்படி இருக்காருங்க?”

“முழிச்சிருக்காரு.”

“அப்பா சொன்னது எதுவும் எனக்குத் தெரியாதுங்க. மண்டபத்துல என்கிட்ட, நீங்கதான் வர மாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னு…”

“ஆமா. வர மாட்டேன்னுதான் சொன்னேன்.”

அவன் தடுமாறினான். “இல்லீங்க, நீங்க செஞ்சது சரிதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

வேதா அவனைப் பார்த்தாள். இந்த ஒரு வாக்கியத்தைக் காலையில் யாராவது சொல்லியிருந்தால் அவன் தோளில் சாய்ந்து அழுதிருப்பாள். இப்போது அழுகை வரவில்லை.

“உங்கப்பாகிட்ட சொன்னீங்களா?”

“என்னத்தைங்க?”

“நான் செஞ்சது சரின்னு.”

மணிவண்ணன் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“இங்க வந்ததாவது அவருக்குத் தெரியுமா?”

“பார்க்கிங்ல வண்டி எடுக்கப் போறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு…”

வேதாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். ரத்தம் கொடுத்திருக்கிறான். அதற்கு நன்றி சொன்னாள், மனதாரவே சொன்னாள். பிறகு புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“உள்ள ஒருத்தர் நக்கோ நக்கோன்னு முகத்தைத் திருப்பிட்டுப் படுத்திருக்காரு. காலைல டாக்டர் வர்றதுக்குள்ள நான் எங்கப்பாவ வழிக்குக் கொண்டு வரணும். நீங்க போய் உங்கப்பாவ வழிக்குக் கொண்டு வாங்க. முடிஞ்சா வாங்க. மோதிரத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“முடியலைன்னா?”

“முடியலைன்னும் வந்து என்கிட்ட நேர்ல சொல்லுங்க. அதுக்காவது தைரியம் வேணும்ல?”

அவள் திரும்பி ஐ.சி.யூ. கதவை நோக்கி நடந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து கையை நீட்டித் தடுத்தார்.

“டைம் ஐபோயிந்தி அம்மா. ரேப்பு ரண்டி.”

“நாளைக்கு வரவெல்லாம் முடியாதுங்க” என்று சொல்லிக்கொண்டே, வேதா அந்தக் கையைத் தாண்டிக் கதவைத் தள்ளினாள்.